கிள்ளான் வீட்டுச் சீமைப் பூட்டு

கிள்ளானில் நல்ல பூட்டு வேண்டும் என்றால் என் கடைக்குத்தான் வர வேண்டும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே கடை லைசென்சுக்காகத்தான். ஆனால் ஒரு பூட்டை வாங்கிக் காதோரம் வைத்து ஒரு தடவை குலுக்கினேன் என்றால், உள்ளே சாவிக்கு அசைகிற தகடு, அதாவது லீவர், எத்தனை இருக்கிறது, எத்தனை வருஷம் உழைக்கும், எந்த மாதிரித் திருடனுக்கு அது எத்தனை நிமிஷ வேலை என்று சொல்லிவிடுவேன். காலேஜ் படித்த என் மருமகனுக்கு இன்றுவரை அது கைவரவில்லை. பில் போடுவதோடு அவர் நிறுத்திக்கொள்கிறார்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்.

"ஆன்டி, இருக்கிறதிலேயே பெரிய பூட்டாக் குடுங்க லா."

"கதவு என்ன மரம்? கொண்டியை எப்படி அடிச்சிருக்கு?" என்று நான் கேட்பேன்.

பூட்டு வாங்க வந்தால் கதவை விசாரிக்கிறாளே, கிழவிக்கு மூளை குழம்பிவிட்டதா என்பது போலப் பார்ப்பார்கள். தேங்காய் அளவுக்குப் பூட்டைத் தொங்கவிட்டு, அதைத் தாங்கும் கொண்டியை வெளியே தெரிகிற நாலு ஸ்குருவில் நிறுத்தியிருப்பார்கள். திருடன் பூட்டைத் தொடவே மாட்டான். நாலு ஸ்குருவையும் கழற்றிப் பூட்டைப் பூட்டாகவே ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போவான். கதவைச் சாத்தினால் ஸ்குரு கண்ணுக்குத் தெரியக்கூடாது. போல்ட்டு மறுபக்கம் வந்து அங்கே நட்டுப் போட்டு முறுக்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பூட்டைப் பற்றிப் பேச்சு. பூட்டில் எடையைப் பார்க்காதீர்கள், லீவரை எண்ணுங்கள். இவ்வளவும் சொன்ன பிறகும் சிலருக்குச் சந்தேகம் தீராது.

"கம்பியை விட்டுத் தொறந்துட மாட்டானா ஆன்டி?"

அப்போது நான் என் கடைசி அஸ்திரத்தை எடுப்பேன். "ஆறு லீவர் பூட்டைக் கம்பியாலே தொறந்த ஆளு இந்தச் சிலாங்கூர்லேயே ஒருத்தர்தான். அவர் எங்க மாமா." உடனே பையை எடுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பல வருஷங்களாக இதைச் சொல்லித்தான் வியாபாரம் செய்கிறேன். அவர் அந்தப் பூட்டைத் திறந்த கதையை இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். ஜப்பான்காரன் படையோடு வருவதற்கு ஆறேழு வருஷம் முன்பு. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கோட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. அம்மாவுடைய தம்பி, எங்கள் மாமா, பட்டறையில் பிட்டர். கல்யாணம் ஆகாதவர், சாப்பாடு எங்கள் வீட்டில்.

எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டுக்கும் ஒரே பெட்டியில் வந்து இறங்கிய பூட்டுகள். நாலாம் நம்பர் சாவி ஒன்பதாம் நம்பரைத் திறக்கும், ஒன்பதாம் நம்பர் சாவி இரண்டாம் நம்பரைத் திறக்கும். எங்கள் வீட்டுச் சாவி எங்கள் வீட்டைத் தவிர மற்ற எல்லா வீட்டையும் திறக்கும் என்று அம்மா சொல்வாள். அதனால் யாரும் சாவி தொலைந்துவிட்டது என்று பதறுவதில்லை. பக்கத்து வீட்டில் வாங்கித் திறப்பார்கள்; அதற்கும் மசியாவிட்டால் மாமாவைக் கூப்பிடுவார்கள்.

மாமா வருவது ஒரு திருவிழா மாதிரி இருக்கும். முதலில் காப்பி கேட்பார். கூட்டத்தைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்வார். சட்டைப் பையிலிருந்து முனை வளைத்த சைக்கிள் கம்பியை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, பூட்டின் மேல் காதை வைப்பார்.

"பூட்டு பேசும். நாமதான் வாயை மூடிக்கிட்டுக் கேக்கணும்."

கம்பி உள்ளே போகும். டக். திறந்துவிடும். பிறகு பூட்டை எல்லாரிடமும் காட்டி, "பாருங்க, ஒரு கீறல் இருக்கா? நல்ல கை கீறல் விடாது" என்பார். திண்டுக்கல்லில் தொழில் பழகியவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். அங்கே மூன்று மாதம்தான் இருந்தார், அதுவும் ஒரு இட்லிக் கடையில் என்று அம்மா சொல்வாள். அந்தக் கோட்டர்ஸ் பூட்டுகளில் ஒரே ஒரு லீவர்தான், கொண்டை ஊசியாலேயே திறக்கலாம் என்பது இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் எனக்கு முருகனுக்கு அடுத்தபடி. அவரைப் பார்த்து நானும் காதைத் தீட்டிக்கொண்டேன். பாயில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டே, "இது ஆறாம் நம்பர், இது மூணாம் நம்பர்" என்று பூட்டுகிற சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன்.

ஒரு மத்தியானம் கிள்ளான் ரயிலில் சின்னம்மா வந்து இறங்கினாள். அம்மாவுக்கும் மாமாவுக்கும் தங்கை. கிள்ளானில் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கையில் ஒரு துணி மூட்டை, வேறொன்றும் இல்லை. மூட்டைக்குள் பச்சை சாட்டின் துணி, கழுத்தும் கையும் பாவாடையுமாக வெட்டி வைத்தது. தீபாவளிக்கு எனக்குத் தைப்பதாகச் சொல்லியிருந்த கவுன். தைக்கத்தான் இல்லை.

"மிஷின் அங்கே இருக்கு பாப்பா. வந்ததும் தைச்சுத் தரேன்."

இடது கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். குழாயடியில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். நானும் குழாயடியில் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறேன். எனக்கு முழங்காலில்தான் அடிபடும், இவளுக்கு மட்டும் ஏன் மேல்கையில் விரல் விரலாகக் கன்றியிருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் இரண்டு அறை, ஏழு பேர். மறுநாள் சாயங்காலம் அம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னார்.

"மிஷின் இருந்தா நாலு துணி தைச்சு அவ சோத்தை அவ பாத்துக்குவா. இருக்கட்டும், நான் வேணாங்கலே. மிஷின் இல்லேன்னா நான் என்ன செய்ய? ஞாயித்துக்கிழமை அவரு பெரிய மனுஷங்களைக் கூட்டிக்கிட்டு வரப்போறாராம். கூட அனுப்பித்தான் ஆகணும்."

அடுப்படியில் அம்மாவின் பாத்திரங்கள்தான் பதில் சொல்லின. எனக்கு ஒன்று மட்டும் விளங்கியது. மிஷின் வந்தால் சின்னம்மா நம்மோடு இருப்பாள், கவுனும் கிடைக்கும். வராவிட்டால் இரண்டும் போய்விடும்.

அந்த மிஷின் சின்னம்மா கன்னியாக இருந்தபோது சொந்தமாக உழைத்து வாங்கிய கைமிஷின். சீதனமாகக் கொண்டுபோனாள். சித்தப்பா, அதாவது அவளுடைய புருஷன், துறைமுகத்துக் கிட்டங்கியில் கணக்கெழுதுகிற கிராணி. அவள் புறப்பட்டு வந்த மறுநாளே வீட்டுக்குப் புதிதாக ஒரு பூட்டு வாங்கிப் போட்டுவிட்டார். பூட்டியதோடு சும்மா இருந்திருக்கலாம். ரயிலில் வந்த ஒருவரிடம் சேதியும் சொல்லிவிட்டார். "ஆறு லீவர். சீமையிலேருந்து வந்த பூட்டு. அந்தச் சைக்கிள் கம்பி மச்சானை வந்து தொறந்து பாக்கச் சொல்லுங்க."

மாமா அதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மூன்று நாள் கம்பி ராவினார். மெல்லியது, தட்டையானது, கொக்கி போட்டது, இரட்டை முனை என்று ஏழெட்டுக் கம்பி. வெள்ளிக்கிழமை லீவு போட்டார்.

"பாப்பாவும் வரட்டும்" என்றார் அம்மாவிடம். "புள்ளையோட போனா விருந்தாளி. தனியாப் போனா திருடன்."

அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். ரயில் பத்து தீகா ஸ்டேஷனைத் தாண்டியதும் மாமா சோற்றைப் பிரித்து முழுவதையும் எனக்கே கொடுத்துவிட்டார். அது பாசம் என்று நினைத்தேன். பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை என்பது இப்போது புரிகிறது. ஆறு லீவர் பூட்டை அவர் அதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் எட்டுப் பலகை வீடுகள், தகரக் கூரை. சந்தின் முனையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். ஆண்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். சித்தப்பாவும் அவருடைய அண்ணனும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தார்கள். அந்த அண்ணன் மனைவியை நான் பெரியம்மா என்று கூப்பிட வேண்டும். உயரமாக, ஒல்லியாக, அதிகம் பேசாத மனுஷி. சின்னம்மா எங்கள் வீட்டில் ஒரு தடவை, "அந்த அக்கா மட்டும் இல்லேன்னா" என்று ஆரம்பித்து, மேலே சொல்லாமல் விட்டது எனக்கு நினைவிருந்தது.

எங்களைக் கண்டதும் பெரியம்மா வாசலில் வந்து நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அக்கா, தங்கச்சி மிஷினை எடுக்க வந்திருக்கேன்" என்றார் மாமா.

"தெரியும் தம்பி."

"நீங்க பாத்துக் குடுத்தீங்கன்னா ஒரு பிரச்சினையும் இல்லே."

"கற்பூரம் ஏத்தி வச்சு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க, அண்ணன் தம்பி ரெண்டு பேருமா சேர்ந்து. சாவியை யார் கையிலும் குடுக்க மாட்டேன், யாருக்காகவும் பூட்டைத் தொறக்க மாட்டேன்னு. எனக்கும் புள்ளைங்க இருக்கு. சத்தியத்தை மீற முடியாது."

சொல்லிவிட்டு உள்ளே போய் இரண்டு வாளியை எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் முகத்தெதிரே கதவைச் சாத்தினார். அந்தச் சீமைப் பூட்டைக் கொண்டியில் மாட்டி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூட்டினார். நான் பழக்கத்தில் காதைத் தீட்டினேன். வளையல் சத்தம் மட்டும்தான் கேட்டது. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு குழாயடிக்கு நடந்தார்.

"நீ போயி அவங்ககூட நில்லு. யாராச்சும் ஆம்பளைங்க வந்தா என்னைக் கூப்பிடு" என்றார் மாமா.

குழாய், வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. அங்கிருந்து மாமாவை நன்றாகப் பார்க்க முடிந்தது. அவர் பூட்டின் முன்னால் குந்தியிருந்தார். காப்பியும் இல்லை, கூட்டமும் இல்லை. பெரியம்மா வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று வாளியை வைத்துக் குழாயைத் திறந்தார்.

"உங்க சின்னம்மா சாப்பிடறாளா?"

"சாப்பிடுது. எனக்கு கவுன் தைக்கப்போவுது."

"என்ன கலரு?"

"பச்சை."

"பச்சைதான் அவளுக்குப் புடிக்கும்."

வாளி நிரம்பியது. நிரம்பி வழிந்தது. என் கால்வரை தண்ணீர் ஓடிவந்தது.

"பெரியம்மா, தண்ணி வழியுது."

"வழியட்டும்."

அவர் குழாயையும் மூடவில்லை, வாளியையும் மாற்றவில்லை. கையிலே தண்ணீரைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படி மந்தமாக இருக்கிறவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாரே சித்தப்பா என்று நினைத்தேன். அந்தப் பக்கம் மாமா கம்பி மேல் கம்பியாக மாற்றிக்கொண்டிருந்தார். காதை வைக்கிறார், எடுக்கிறார், நெற்றியைத் துடைக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கோட்டர்ஸில் ஒரு வீட்டுக்கும் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

"திரும்பிப் பாருங்க பெரியம்மா, எங்க மாமா எப்படித் தொறக்கறாருன்னு."

"எனக்கு அந்த வேலையெல்லாம் என்ன தெரியும்? நீயே பாத்துச் சொல்லு."

கடைசிக் கம்பியும் பலிக்கவில்லை. மாமா எழுந்து நின்றார். போய்விடலாம் என்று சொல்லப்போகிறார் என்று எனக்கு அழுகை முட்டியது. அவர் ஆத்திரத்தில் பூட்டை முஷ்டியில் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். பூட்டு கையோடு வந்துவிட்டது.

"தொறந்துட்டாரு!" என்று கையைத் தட்டிக் குதித்தேன். பெரியம்மா அப்போதும் திரும்பவில்லை.

ஆனால் மாமா குதிக்கவில்லை. பூட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு தலையைத் தூக்கிக் குழாயடியைப் பார்த்தார். என்னைத்தான் பார்க்கிறார் என்று நான் கையை ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை. உள்ளே போய் மிஷினை மரமூடியோடு தூக்கிவந்து சாக்கில் சுற்றினார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கதவைச் சாத்திப் பூட்டை மறுபடி மாட்டினார். அரத்தை எடுத்துச் சாவித்துவாரத்தைச் சுற்றிப் பளபளவென்று இருந்த பித்தளையைக் கன்னாபின்னாவென்று கீறினார். இருப்பதிலேயே கெட்டிக் கம்பியை உள்ளே செருகி, முறுக்கி, ஒடித்தார். பாதி உள்ளேயே நின்றுவிட்டது. ஒடிந்த முனை விரலைக் கிழித்து ரத்தம் வந்தது. நான் ஓடினேன்.

"ஏன் மாமா கீறறீங்க? நல்ல கை கீறல் விடாதுன்னு சொல்வீங்களே!"

"ஆறு லீவர் பூட்டுடி. கீறாம தொறந்தேன்னா எவன் நம்புவான்?"

பிறகு சந்து முழுவதும் கேட்கிற மாதிரி, "நல்லாப் பாத்துக்குங்க! பிரிக்பீல்ட்ஸ் பிட்டர் தொறந்தது! கேட்டா என் பேரைச் சொல்லுங்க!" என்று கத்தினார். இரண்டு மூன்று கதவு திறந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமாவின் வாய் ஊரறிந்தது என்றாலும், எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மிஷினைத் தோளில் வைத்துக்கொண்டு குழாயடியைத் தாண்டும்போது ஒரு நொடி நின்றார்.

"வரேன்க்கா."

"தொறந்தாச்சா?"

"தொறந்துட்டேன். கஷ்டமான பூட்டு."

பெரியம்மா அப்போதுதான் குழாயை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோட்டர்ஸ் முன்னால், தூங்குமூஞ்சி மரத்தடியில் பாய் விரித்தார்கள். ரயில்வே மண்டோர், அதாவது ஆட்களுக்கு மேலாள், அவர்தான் நடுவர். சித்தப்பா கிள்ளானிலிருந்து நாலு பேரோடு வந்தார். அண்ணனையும் பெரியம்மாவையும் கூட்டிவந்திருந்தார். மாமா மேல் பாய்வார் என்று பார்த்தால், அவர் பாய்ந்தது பெரியம்மா மேல்.

பூட்டைப் பாயில் வைத்தார். "மண்டோரே, இதைச் சைக்கிள் கம்பியாலே தொறக்க முடியாது. வித்த கடைக்காரத் தவுக்கேகிட்டேயே கேட்டுட்டேன். சாவியாலதான் தொறந்திருக்கு. சாவி இருந்தது இவங்ககிட்ட."

அண்ணன்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ தொறந்து விட்டிருந்தான்னா இன்னிக்கு என்கூட ரயில் ஏற வேணாம். இங்கேயே இருந்துக்கட்டும்."

பெரியம்மாவுக்குப் போக வேறு இடம் கிடையாது, அவளுடைய ஆட்கள் எல்லாரும் கடலுக்கு அப்பால் என்று அம்மா என் பக்கத்தில் முணுமுணுத்தாள். மண்டோர் பெரியம்மாவைப் பார்த்தார்.

"என்னம்மா சொல்றே?"

"கற்பூரத்து மேலே சத்தியம் பண்ணினேன். சாவியை யார் கையிலும் குடுக்கலே. பூட்டை யாருக்கும் தொறந்து விடலே. இன்னொரு தடவை கற்பூரம் ஏத்தினாலும் இதையேதான் சொல்லுவேன்."

"இவன் வந்து உக்காந்தப்ப நீ சத்தம் போட்டிருக்கலாமே?" என்றார் சித்தப்பா.

"யாராலேயும் தொறக்க முடியாத பூட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்கே தொறக்கப்போறாருன்னு தண்ணி புடிக்கப் போயிட்டேன்."

யாரோ சிரித்துவிட்டார்கள். மாமா எழுந்து நடுவில் வந்து நின்றார். கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டினார்.

"நான்தான் தொறந்தேன். இந்தக் கம்பியாலேதான். பாதி உள்ளே இருக்கு, மீதி இதோ. பொருத்திப் பாருங்க."

மண்டோர் பொருத்திப் பார்த்தார். ஒடிந்த இடம் ஒட்டியது. கீறலையெல்லாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அப்ப இப்ப தொறந்து காட்டு" என்றார் சித்தப்பா.

"இதுலே இனிமே சாவியே போகாதே மச்சான். அதே மாதிரி இன்னொண்ணு வாங்கியாங்க. இதே மரத்தடியிலே, இதே கூட்டத்துக்கு முன்னாலே தொறக்கறேன். தொறந்துட்டேன்னா பூட்டு எனக்கு."

சித்தப்பா நெருப்புக் குச்சியைப் பிளந்து இரண்டாக்கிப் பற்றவைக்கிற கருமி என்பது கிள்ளான் முழுக்கத் தெரியும். அவர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். இந்தத் தடவை எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். அண்ணன்காரர்கூடச் சிரித்தார். மண்டோர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மிஷின் அந்தப் பொண்ணு சொந்தமாக் கொண்டுபோனது. இருக்கட்டும். அவளா வரேன்னு சொல்ற அன்னிக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார். அந்த நாள் வரவே இல்லை. பெரியம்மா புருஷனோடு ரயில் ஏறினார். போகும்போது சின்னம்மா பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். பூட்டைத் திறந்தவர் மாமா, இவள் ஏன் இவரைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கவுன் வந்தது. பச்சைக் கவுனைப் போட்டுக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் முழுக்க மாமாவின் புகழைப் பரப்பினேன். பள்ளிக்கூடத்தில், பாசாரில், கோயிலில். நான் சொல்லச் சொல்ல அவர் பூட்டைத் திறந்த நேரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் மூச்சை அடக்கி விடுவதற்குள் திறந்தார் என்று ஆக்கிவிட்டேன். மாமாவும் ஒருநாளும் மறுக்கவில்லை. கேட்கிறவர் கிள்ளான்காரர் என்று தெரிந்தால் இன்னும் சத்தமாகச் சொல்வார்.

அதற்கப்புறம் அக்கம்பக்கத்தில் எங்கே சைக்கிள் காணாமல் போனாலும், எந்தக் கடையில் பூட்டு உடைந்தாலும், போலீஸ்காரர் முதலில் எங்கள் வீட்டுக்கு வந்து மாமாவை விசாரிப்பார். பட்டறைச் சாமான் அறைக்குப் பொறுப்பாளாக அவரைப் போடுவதாக இருந்தது. பூட்டுத் திறக்கிறவன் கையில் சாவியைக் கொடுப்பதா என்று வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருக்குப் பெண் கொடுக்கவும் இரண்டு வீட்டில் தயங்கினார்கள். நானோ, போலீஸ்காரர் வாசலில் நிற்பதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்க்கிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்துப் பூரித்துப்போவேன். எங்கள் மாமாவைத் தேடிச் சர்க்காரே வருகிறதே!

பல வருஷம் கழித்து, யுத்தமெல்லாம் முடிந்து, நான் கிள்ளானில் சொந்தக் கையால் கடை போட்டேன். முதல்முதலாக ஆறு லீவர் பூட்டு ஒரு பெட்டி வந்து இறங்கியது. அதே சீமைப் பூட்டு. ஒன்றை எடுத்து வளையத்தை அமுக்கினேன். பூட்டியது போலவே உட்கார்ந்தது. ஆனால் அந்தச் சாதிப் பூட்டு அமுக்கினால் பூட்டாது. சாவியைப் போட்டுத் திருப்ப வேண்டும். திருப்பினேன்.

டடக்.

கடை முழுக்கக் கேட்டது. பின்னால் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கடை ஆள் தலையைத் தூக்கினார். நான் சாவியை விடாமல் அப்படியே நின்றேன். நாலு வீட்டுக்கு அப்பால் இருந்தாலும் கேட்கிற சத்தம். அன்றைக்கு நான் இரண்டடி தூரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வளையல் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அப்படியும் மனசு ஒப்பவில்லை. கம்பியை ராவிக்கொண்டு மூன்று நாள் அந்தப் பூட்டோடு மல்லுக்கு நின்றேன். மாமாவைவிட எனக்குக் கை சுத்தம். இதில் அடக்கம் எதற்கு? ஒரு லீவர் மசிந்தது, இரண்டாவது மசிந்தது. மூன்றாவதைத் தொட்டால் முதலாவது விழுந்துவிடும். முடியவில்லை. பூட்டை எடுத்துக்கொண்டு ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனேன். மாமாவுக்குத் தலை நரைத்திருந்தது. மடியில் வைத்தேன்.

"மாமா, இதைக் கொஞ்சம் தொறந்து குடுங்க."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதில் வைத்துக் குலுக்கினார். சிரித்தார்.

"அந்தக் கம்பி இப்பல்லாம் எங்கே கெடைக்குது?"

"அன்னிக்கு எப்படி மாமா தொறந்தீங்க?"

"பாத்துக்கிட்டுத்தானே நின்னே. கஷ்டப்பட்டுத்தான் தொறந்தேன்." சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்த அக்கா இன்னும் இருக்காங்க. அவங்க வீட்டுக்காரரும் இருக்காரு. நான்தான் தொறந்தேன்" என்றார்.

அதனால்தான் நானும் இத்தனை வருஷமாக என் கடையில் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். இப்போது மாமாவும் இல்லை, பெரியம்மாவும் இல்லை, அந்தப் பலகை வீடுகளும் இல்லை. சொல்லலாம் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு யாராவது வந்து கம்பியைப் பற்றிக் கேட்டால், மாமா திறந்தார் என்றுதான் சொல்வேன்.

பூட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன். ஆனால் பூட்டாமல் விட்ட ஒரு பூட்டு என் கண்ணெதிரே தொங்கியபோது, நான் அதை விட்டுவிட்டு வாளியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண் தன் குடித்தனத்தையே பணயம் வைத்துவிட்டு, திரும்பிப் பார்த்தால் சாட்சியாகிவிடுவோம் என்று முதுகைக் காட்டி நிற்கிறாள். மாமாவுக்கு நேரம் கொடுக்கக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துப் பிடித்து விடுகிறாள். பக்கத்தில் நின்ற எட்டு வயது கெட்டிக்காரி நான், "தண்ணி வழியுது, தண்ணி வழியுது" என்று அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன்.